தள்ளி வைத்த ஃபிளாஷ்: டெஸ்ட் பட்டனுக்கு அடிக்கிறது, ஷட்டருக்கு விட்டுவிட்டு அடிக்கிறது

நிழல்தேடி எழுதியது:

வணக்கம். கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) ஃபிளாஷ்களைத் தூரத்திலிருந்தே அடிக்க வைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ட்ரிக்கர், அதோடு மூன்று ஃபிளாஷ். இரண்டில் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது பழைய மேனுவல் ஃபிளாஷ், அதே ட்ரிக்கரோடு பேசும் தனி ரிசீவர் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேமரா டிஎஸ்எல்ஆர். சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200 நொடி என்று மேனுவலில் போட்டிருக்கிறது.

இப்போதைய நிலவரம்: ட்ரிக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் தூரத்தில் உள்ள இரண்டும் தவறாமல் அடிக்கின்றன. ஷட்டரை அழுத்தினால் சில நேரம் எதுவுமே அடிப்பதில்லை. அடித்தாலும் படத்தின் அடிப்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை விழுகிறது. கேமராவுக்குப் பக்கத்திலேயே, ஒரு மீட்டருக்குள், சாஃப்ட்பாக்ஸில் இருக்கும் ஃபிளாஷ்தான் அதிகம் விடுபடுகிறது. ஆறு மீட்டர் தள்ளி இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறது, அது எப்படி என்றே புரியவில்லை. பழைய ஃபிளாஷ் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடுகிறது.

முதலிலிருந்து ஒழுங்காக அமைக்க எந்த வரிசையில் போக வேண்டும்? வெயிலில் எடுக்க, அந்த எல்லையைத் தாண்டியும் ஃபிளாஷை அடிக்க வைக்கும் ஹைஸ்பீட் சிங்க் (எச்எஸ்எஸ்) கட்டாயமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

ஷட்டர்காரன் எழுதியது:

டெஸ்ட் பட்டனுக்கு அடிக்கிறது என்று சொன்னீர்களே, அந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிட்டது. டெஸ்ட் பட்டன் கேமராவைக் கேட்பதே இல்லை. ட்ரிக்கரிலிருந்து ரேடியோ வழியாக ரிசீவர், அங்கிருந்து ஃபிளாஷ் வரை உள்ள பாதையை மட்டும்தான் அது சோதிக்கிறது. அந்தப் பாதை சரியாக இருந்து ஷட்டருக்கு மட்டும் விடுபட்டால் கோளாறு கேமராவுக்கும் ட்ரிக்கருக்கும் நடுவில். டெஸ்டுக்கே அடிக்கவில்லை என்றால் சேனல், ஐடி, குரூப், ரிசீவர் மோடு, பேட்டரி இவற்றில் ஒன்று. இரண்டுக்கும் அடித்தும் படத்தில் வெளிச்சம் பாதிதான் என்றால் அது நேரக் கணக்கு. மூன்றையும் ஒன்றாகப் போட்டு நோண்டினால் எது சரியானது, எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஒரே ஒரு ஃபிளாஷோடு தொடங்குங்கள். ரிசீவர் உள்ளேயே இருக்கும் இரண்டில் ஒன்று போதும்.

கேமரா, ட்ரிக்கர் இரண்டும் ஆஃபில் இருக்கும்போது ட்ரிக்கரை ஹாட் ஷூவில் முட்டும் வரை தள்ளிப் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி நின்றாலும் நடு முனை தொடும், ஆனால் சுற்றியுள்ள சின்ன முனைகள் பக்கத்துத் தடத்தில் போய் உட்காரும். டிடிஎல் (ஃபிளாஷ் சக்தியைக் கேமராவே அளந்து முடிவு செய்யும் முறை) ட்ரிக்கர்களில் "சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிறகு கேமராவை ஆன் செய்து, அதன் பின் ட்ரிக்கரை ஆன் செய்யுங்கள்.

அடுத்து சேனலும் ஐடியும். காடாக்ஸ் (Godox) கம்பெனியின் எக்ஸ் வகையில் 32 சேனல், அதன் மேல் 1 முதல் 99 வரை வயர்லெஸ் ஐடி. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஃபிளாஷ் காது கொடுக்கும். சேனல் சரியாக இருந்து ஐடி ஒரு பக்கம் ஆஃபில் இருந்தாலும் சத்தமே வராது. ஐடி வசதியே இல்லாத பழைய ஃபிளாஷோ ரிசீவரோ கூட்டத்தில் ஒன்று இருந்தால் ட்ரிக்கரிலும் மற்றவற்றிலும் ஐடியை ஆஃப் செய்துவிடுங்கள். யாங்னுவோ ஆர்எஃப்-603 மாதிரி எளிய கருவிகளில் மெனு கிடையாது. நான்கு குட்டி ஸ்விட்சுகள் இருக்கும், அவற்றின் மேல் கீழ் அமைப்பால் 16 சேனல். அங்கே எல்லாக் கருவியிலும் நான்கு ஸ்விட்சும் ஒரே மாதிரி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும். ஒரு கம்பெனி ட்ரிக்கர் இன்னொரு கம்பெனி ரிசீவரோடு பேசாது. இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் பேசும் என்று நம்பிப் பணத்தை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

குரூப் என்பது சக்தியைத் தனித்தனியே மாற்றுவதற்கான பெயர், அவ்வளவுதான். முதல் ஃபிளாஷ் ஏ, இரண்டாவது பி, பழையது சி என்று வையுங்கள். ட்ரிக்கரில் அந்தக் குரூப் ஆஃபில் இருந்தால் ஃபிளாஷ் அடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். திரையில் குரூப் பெயருக்குப் பக்கத்தில் கோடு மட்டும் தெரிந்தால் அது ஆஃப்.

ஃபிளாஷில் வயர்லெஸ் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் மாஸ்டர், ஸ்லேவ் என்று மாறி மாறி வரும். ஸ்லேவில் நிறுத்துங்கள். ஒளியால் தூண்டும் எஸ்1, எஸ்2 மோடுகளும் இருக்கும், அவை வேறு, ரேடியோ ஸ்லேவ் வேறு. பெரும்பாலான காடாக்ஸ் ஃபிளாஷ்களில் ரேடியோ மாஸ்டர் என்றால் திரை பச்சை, ஸ்லேவ் என்றால் ஆரஞ்சு. பத்தடி தள்ளி நின்றே அடையாளம் தெரியும்.

இனி கேமரா. எம் (மேனுவல்) மோடு, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப்/5.6, ஒயிட் பேலன்ஸ் ஃபிளாஷ். ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டவே வேண்டாம். முதல் படத்தை ட்ரிக்கரை ஆஃபில் வைத்து எடுங்கள். அறை வெளிச்சத்தில் படம் ஏறக்குறைய கறுப்பாக வர வேண்டும். அப்போதுதான் அடுத்து விழும் வெளிச்சம் முழுக்க ஃபிளாஷுடையது என்று உறுதியாகத் தெரியும். பிறகு ட்ரிக்கரை ஆன் செய்து, ஃபிளாஷை எம் 1/16-இல் (முழு சக்தியில் பதினாறில் ஒரு பங்கு) வைத்து எடுங்கள்.

1/16 ஏன் என்றால் கணக்கு எளிது. கைடு நம்பர் என்பது ஐஎஸ்ஓ 100-இல் தூரத்தையும் எஃப் எண்ணையும் பெருக்கி வருவது. இந்த ரக ஃபிளாஷ்களின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 60 என்பது தலையை 200 மிமீக்கு ஜூம் செய்து அளந்தது. அகலமான 35 மிமீ நிலையில் 36 பக்கமாகத்தான் வரும். சக்தியை நான்கில் ஒன்றாக்கும்போது கைடு நம்பர் பாதியாகும். ஆக 1/4-இல் 18, 1/16-இல் 9. இரண்டு மீட்டரில் இருக்கும் ஆளுக்கு 9-ஐ 2-ஆல் வகுத்தால் எஃப்/4.5. இது மூடாத ஃபிளாஷுக்கு. குடையோ சாஃப்ட்பாக்ஸோ போட்டால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) விழுங்கிவிடும், அதற்கேற்பச் சக்தியை ஏற்றிக்கொள்ளுங்கள்.

டிடிஎல் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அமைக்கும்போது வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் சக்தியை அதுவே மாற்றிக்கொண்டிருந்தால் எது கோளாறு, எது அளவீடு என்று பிரிக்கவே முடியாது.

இப்போது உங்கள் முக்கியப் பிரச்சினை. ஷட்டருக்கு விடுபடும் நேரங்களில் நீங்கள் கண்வழியாகப் பார்த்து எடுக்கிறீர்களா, பின்திரையில் லைவ் வியூ வைத்து எடுக்கிறீர்களா என்று கவனியுங்கள். கேனன் டிஎஸ்எல்ஆர்களில் லைவ் வியூவின் சைலன்ட் ஷூட்டிங் மோடு 1 அல்லது 2-இல் இருந்தால் கேனன் அல்லாத ஃபிளாஷ் அடிக்காது. மேனுவலிலேயே எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஃபிளாஷ் பக்கத்தில் இல்லை, லைவ் வியூ பக்கத்தில். அதை டிஸேபிள் செய்ய வேண்டும். மிரர்லெஸ் கேமராக்களில் இதற்கு இணையானது எலக்ட்ரானிக் ஷட்டர். பெரும்பாலானவற்றில் அதை ஆன் செய்ததும் ஃபிளாஷ் கட். எந்தக் கேமராவானாலும் "ஃபிளாஷ் ஃபயரிங்" மெனுவில் டிஸேபிள் ஆகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 போன்றவற்றில் ஹாட் ஷூவின் நடு முனையே கிடையாது. வெறும் நடு முனையை நம்பும் ஒற்றை முனை ட்ரிக்கர் அவற்றில் ஒருநாளும் அடிக்காது. கேனனின் சொந்தச் சைகையைப் புரிந்துகொள்ளும், அந்த மாடலுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளர் பட்டியலிட்ட ட்ரிக்கர்தான் வேண்டும். வாங்கும் முன் ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள்.

மின்தடை எழுதியது:

ஷட்டர்காரன் சொன்னது போக, அந்தப் பழைய ஃபிளாஷைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். அதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் எடுங்க.

பழைய ஃபிளாஷ் சிலதுல ட்ரிக்கர் வோல்டேஜ், அதாவது ஃபிளாஷோட கால் முனையில நிக்கிற வோல்டேஜ், ரொம்ப அதிகம். விவிடார் 283-ஓட ஆரம்ப காலப் பதிப்புகள்ல 200 வோல்ட்டுக்கு மேல வர்றது ஊரறிஞ்ச விஷயம். ஐஎஸ்ஓ 10330ங்கிற சர்வதேசத் தரம் சொல்ற எல்லை 24 வோல்ட். உங்களது கேமரா மேல இல்ல, ரிசீவர் மேலதான இருக்குன்னு நினைப்பீங்க. உண்மைதான், கேமரா தப்பிச்சுடும். ஆனா ரிசீவருக்கும் ஒரு எல்லை இருக்கு, அதோட மேனுவல்ல பாத்துக்கோங்க.

அளக்கிறது சுலபம். ஃபிளாஷைத் தனியா ஆன் பண்ணி ரெடி விளக்கு எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்ல வையுங்க. சிவப்பு முனை ஃபிளாஷோட கால்ல இருக்கிற நடுப் புள்ளியில, கறுப்பு முனை கால் பக்கவாட்டுல தெரியிற உலோகத்துல. டிஜிட்டல் மீட்டரா இருக்கணும், அதோட உள்தடை 10 மெகாஓம் பக்கம் இருக்கும். பழைய முள் மீட்டர் போட்டா அதுவே வோல்டேஜை இழுத்துக் குறைச்சுக் காட்டும், 150 வோல்ட் இருக்கிறதை 60-ன்னு நம்பி ஏமாந்துடுவீங்க. ரெண்டு முனையையும் கையால தொடாதீங்க.

வோல்டேஜ் சரின்னா அடுத்தது தூக்கம். ஒற்றை முனை ரிசீவர் ஒரு ஸ்விட்ச் மாதிரிதான். நடுப் புள்ளியையும் பக்கத்தையும் ஒரு கணம் இணைச்சு விடும், தூங்கிப்போன ஃபிளாஷை எழுப்ப அதால முடியாது. அதனால ஃபிளாஷ்லயே ஆட்டோ ஆஃபை நிறுத்தணும். மெனு இல்லாத மாடல்னா ஏதாவது ரெண்டு பட்டன் சேர்த்து அழுத்துற வழி மேனுவல்ல இருக்கும். அப்படியும் வழி இல்லைன்னா எடுக்கிறதுக்கு இடையில டெஸ்ட் அடிச்சு முழிச்சிருக்க வைக்கிறதுதான் ஒரே வழி. ஃபிளாஷ் கட்டாயம் எம்ல இருக்கணும். டிடிஎல்ல விட்டா, அதுக்குக் கேமராகிட்ட இருந்து "போதும், நிறுத்து"ன்னு சைகை வராது, முழு சக்தியில அடிச்சுத் தள்ளும், இல்லன்னா அடிக்கவே அடிக்காது.

ஒரு தடவை அடிச்சுட்டு, கழற்றி மாட்டினாதான் மறுபடி அடிக்குதுன்னா அது ரேடியோ கோளாறு இல்ல. ரிசீவருக்குள்ள இருக்கிற எஸ்சிஆர்ங்கிற மின்னணு ஸ்விட்ச் மூடின நிலையிலேயே சிக்கிக்குது. சில ஃபிளாஷ்களோட சிங்க் முனையில விடாம ஓடுற சின்ன கரண்டே அதைப் பிடிச்சு வச்சுக்கப் போதும். அந்த ஜோடி ஒத்துப்போகாது, ரிசீவரை மாத்துங்க. கேபிள் வழியா இணைச்சிருந்தா முதல்ல துருவம் தலைகீழா இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காதது. குடை மாட்டுற பிராக்கெட்ல உலோகத்துல ஆன கோல்ட் ஷூ (மின் முனை இல்லாம சும்மா மாட்டுற இடம்) இருக்கும். ரிசீவரோ ஃபிளாஷோ நேரா அதுல செருகினா கால்ல இருக்கிற முனைகள் எல்லாம் உலோகத்துல பட்டு ஷார்ட் ஆகும். ஃபிளாஷ் தானா விட்டு விட்டு அடிக்கும், இல்ல செத்த மாதிரி கிடக்கும். காலுக்கு அடியில ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினா தீர்ந்தது. கூடவே வர்ற பிளாஸ்டிக் ஸ்டாண்டு கால் இருக்கே, அதைத் தூக்கிப் போடாதீங்க.

பேட்டரி: ஃபிளாஷுக்கு டபுள் ஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட். ஆல்கலைன் 1.5 வோல்ட்னு பெருசா தெரிஞ்சாலும் அதோட உள்தடை அதிகம், பெரிய கரண்ட் இழுக்கும்போது சரிஞ்சுடும், ரீசைக்கிள் நேரம் (அடுத்த அடிக்குத் தயாராகுற நேரம்) இழுத்துக்கிட்டே போகும். நல்லா சார்ஜ் ஆன நாலு செல்லோட முழு சக்தியில ரெண்டுல இருந்து மூணு நொடி, 1/16-ல கண்ணை மூடித் திறக்கிற நேரம். ரெடி விளக்கு வர்றதுக்குள்ள அடுத்த படம் எடுத்தா ஃபிளாஷ் அடிக்காது, இல்ல பாதி வெளிச்சம்தான் வரும். "விட்டுவிட்டு அடிக்குது"ங்கிற புகார்ல இதுவும் நிறைய. புதுசு பழசு கலந்து போடாதீங்க. நாலுல ஒரு செல் சோடை போனா நாலும் சேர்ந்து படுக்கும்.

ஹாட் ஷூ முனைகளை வெறும் பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, தூளை ஊதிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால துடைங்க. உப்புத்தாள் கிட்டயே போகக் கூடாது. மேல்பூச்சு போயிட்டா அப்புறம் துரு பிடிச்சுக்கிட்டே இருக்கும்.

நிழல்தேடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. செய்து பார்த்ததன் முடிவு:

எல்லா ஃபிளாஷும் ஒன்றாக விடுபடுவது லைவ் வியூவில் மட்டும்தான். சைலன்ட் ஷூட்டிங்கை டிஸேபிள் செய்ததும் அங்கேயும் அடிக்கிறது. பழைய ஃபிளாஷ் 5.8 வோல்ட் காட்டுகிறது, ஆட்டோ ஆஃப் நிறுத்தியாகிவிட்டது.

மிச்சம் இரண்டு. 1/250-இல் கறுப்புப் பட்டை கெட்டியாக இருக்கிறது, அது புரிகிறது. ஆனால் 1/200-இலும், சக்தி 1/1-இல் இருக்கும்போது மட்டும், கீழ் ஓரம் மெல்ல மெல்ல மங்குகிறது. 1/8-இல் வைத்தால் சுத்தமாக வருகிறது. இது ட்ரிக்கர் தாமதமா? பக்கத்து சாஃப்ட்பாக்ஸ் ஃபிளாஷ் இன்னும் பத்துக்கு இரண்டு மூன்று விடுகிறது, டெஸ்ட் பட்டனிலும்.

அரைநொடி எழுதியது:

சக்தியைக் குறைத்தால் போய்விடுகிறது என்றால் ட்ரிக்கர் தாமதம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. முக்கியக் காரணம் ஃபிளாஷின் வால், அதாவது மின்னலின் மங்கிக்கொண்டே போகும் கடைசிப் பகுதி.

உங்கள் கேமராவில் இருப்பது போன்ற குவியத்தள ஷட்டரில், சென்சாருக்கு நேர் முன்னால் இரண்டு திரைகள். முதல் திரை இறங்கிச் சென்சாரைத் திறக்கிறது, இரண்டாவது பின்னாலேயே இறங்கி மூடுகிறது. ஒரு திரை சென்சாரைக் கடக்கும் நேரத்தை உதாரணத்துக்கு 4 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். 1/200 என்பது 5 மில்லிநொடி. அதில் 4 போனால் சென்சார் முழுதாகத் திறந்திருப்பது 1 மில்லிநொடிதான். 1/160-இல் அது 2.25, 1/125-இல் 4. உங்கள் 1/250-இல் பூஜ்யம், அதனால்தான் கெட்டியான பட்டை.

கைக்கடக்கமான ஃபிளாஷ் முழு சக்தியில் அடிக்கும்போது வெளிச்சம் 1/250 முதல் 1/300 நொடி வரை நீள்கிறது, அதாவது மூன்று முதல் நான்கு மில்லிநொடி. சக்தியைக் குறைப்பது என்பது அந்த மின்னலைப் பாதியில் வெட்டுவதுதான். 1/8-இல் அது மில்லிநொடிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும், ஒரு மில்லிநொடி ஜன்னலுக்குள் அடங்கிவிடும். 1/1-இல் அடங்காது. மீதி வால் எரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் திரை இறங்கத் தொடங்கிவிடுகிறது. வால் மங்கலான வெளிச்சம் என்பதால் வெட்டுக் கோடாக இல்லாமல் சரிவாகத் தெரிகிறது. ட்ரிக்கர் தாமதம் அந்த ஜன்னலின் தொடக்கத்தைக் கொஞ்சம் தின்றுவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும், அவ்வளவே.

பட்டை ஏன் கீழே என்றால், திரை மேலிருந்து கீழாக ஓடுகிறது, லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழ வைக்கிறது. முதலில் மூடப்படும் சென்சாரின் மேல்பகுதி படத்தின் கீழ்ப்பகுதி. கேமராவை நெட்டாகப் பிடித்தால் பட்டை பக்கவாட்டுக்குப் போகும். மேல் ஓரம் மங்கினால் கதை வேறு, ஃபிளாஷ் சீக்கிரம் அடித்திருக்கிறது.

உங்கள் ஜோடிக்கான உண்மையான எல்லையைத் தெரிந்துகொள்ள வெள்ளைச் சுவர் போதும். அறையை இருட்டாக்கி, எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஃபிளாஷ் 1/1. 1/100, 1/125, 1/160, 1/200 என்று வரிசையாக எடுத்துக் படத்தின் கீழ் மூலையை 100 சதவீதத்தில் பாருங்கள். பிறகு 1/4 சக்தியில் அதே வரிசை. முழு சக்திக்கு 1/125, குறைந்த சக்திக்கு 1/200 என்று இரண்டு எண் கிடைக்கும் என்பது என் ஊகம். பெரிய ஸ்டுடியோ விளக்குகளில் மின்னல் இன்னும் நீளமாக இருக்கலாம், அங்கே 1/125-க்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. உள்ளே எடுக்கும்போது இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அறை வெளிச்சம் படத்தில் இல்லாத வரை ஆளின் அசைவை உறைய வைப்பது மின்னல்தான், ஷட்டர் இல்லை.

ஹைஸ்பீட் சிங்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் ஃபிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல், திரைகளுக்கு இடையே உள்ள சந்து சென்சாரைக் கடந்து முடியும்வரை மிக வேகமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட தொடர் விளக்கு. நுழையும்போதே சுமார் இரண்டு ஸ்டாப் போய்விடும். அதன்பின் ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு ஸ்டாப். தொடர் விளக்குக்கு என்ன விதியோ அதே விதி.

வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு 1/200, எஃப்/11 சரியான அளவு. பின்னணியை மங்கலாக்க எஃப்/2.8 வேண்டும் என்றால் நான்கு ஸ்டாப் எங்காவது விட வேண்டும். ஒரு வழி, எச்எஸ்எஸ் போட்டு 1/3200. அங்கே ஃபிளாஷ் இழப்பது இரண்டும் நான்கும் சேர்ந்து ஆறு ஸ்டாப், அப்பர்ச்சர் திறந்ததில் திரும்பக் கிடைப்பது நான்கு. நிகர நஷ்டம் இரண்டு. இன்னொரு வழி, 1/200-இலேயே இருந்துகொண்டு, வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்டி16 ஃபில்டர் போட்டு எஃப்/2.8. ஃபில்டர் நான்கு ஸ்டாப் தின்கிறது, அப்பர்ச்சர் நான்கு ஸ்டாப் தருகிறது, நஷ்டம் இல்லை. ஒற்றைக் கையடக்க ஃபிளாஷோடு வெயிலில் நிற்பவருக்கு இந்த இரண்டு ஸ்டாப் பெரிய பணம். டிஎஸ்எல்ஆரில் ஃபில்டர் போட்டதும் வியூஃபைண்டர் இருண்டு ஃபோகஸ் கொஞ்சம் தடுமாறும், அதுதான் விலை. எனக்கு என்டி தான் பிடிக்கும். ஓடி ஆடும் குழந்தைகளை எடுப்பவர் எச்எஸ்எஸ் பக்கம் போவதிலும் நியாயம் உண்டு.

எச்எஸ்எஸ் தேர்ந்தெடுத்தால் உங்கள் பழைய ஃபிளாஷை மறந்துவிடுங்கள். ஒற்றை முனை வழியே வருவது "அடி" என்ற ஒரே சைகை, துடிக்கச் சொல்ல வழியில்லை. நிகானில் கேமரா மெனுவிலேயே ஆட்டோ எஃப்பி என்று சிங்க் வேகத்தை மாற்றினால்தான் ட்ரிக்கரில் எச்எஸ்எஸ் எடுபடும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த வசதி கிடையாது, எந்த ட்ரிக்கர் வாங்கினாலும் வராது. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3 குளோபல் ஷட்டர் (சென்சார் முழுதும் ஒரே கணத்தில் திறந்து மூடுவது) வைத்திருப்பதால் இந்தத் திரைக் கணக்கெல்லாம் அதற்கு இல்லை, 1/80000 வரை சிங்க் ஆகிறது. மற்றவர்களுக்குச் சுவர் சோதனைதான்.

அலைவரிசை எழுதியது:

பக்கத்தில் இருப்பது விடுபடுவது விநோதம் இல்லை. ட்ரிக்கர் நூறு மீட்டருக்கு வீசும் பலத்தோடு கத்துகிறது, ஒரு மீட்டரில் இருக்கும் ரிசீவரின் முன்பகுதி அந்த வலுவில் திணறிச் சைகையைப் பிரிக்க முடியாமல் போகிறது. காடாக்ஸ் எக்ஸ்ப்ரோ, எக்ஸ்2டி இரண்டிலும் கஸ்டம் ஃபங்ஷன் மெனுவில் தூரம் என்று ஒரு வரி இருக்கும், 1-100 மீட்டர் அல்லது 0-30 மீட்டர். இரண்டாவதை வையுங்கள். உங்கள் ட்ரிக்கர் வேறு கம்பெனி என்றாலும் இதே மாதிரி ஒன்றைத் தேடுங்கள். ஸ்டுடியோவில் 30 மீட்டருக்கு மேல் யாருக்கும் தேவை இல்லை, அதை அப்படியே விட்டுவிடலாம். அந்த வசதியே இல்லாத ட்ரிக்கர் என்றால் ஃபிளாஷை இன்னும் ஒரு மீட்டர் தள்ளுங்கள், அல்லது உங்கள் உடம்பு நடுவில் வருமாறு நில்லுங்கள். கேலி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர்.

அதே காரணத்தால், தூரத்தில் விடுபடும்போது செய்ய வேண்டியது நேர் எதிர். ஃபிளாஷுக்கும் ட்ரிக்கருக்கும் நடுவில் ஆள் நிற்கக் கூடாது. ரிசீவர் தலைக்கு மேலே போகட்டும். ஸ்டாண்டின் உலோகக் குழாயை ஒட்டித் தொங்கவிடாதீர்கள். 12.5 செமீ அலைநீளத்துக்கு ரிசீவரை ஒரு சாண் நகர்த்துவதே பெரிய மாற்றம், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை அழிக்கும் புள்ளியிலிருந்து வெளியே வந்துவிடும். விடுபடும் இடத்தில் சேனலை நோண்டும் முன் ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். பாக்கெட் விசார்ட் கம்பெனியின் ட்ரிக்கர்கள் அமெரிக்காவில் 344, ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம், நீண்ட அலை தடையைச் சுற்றிக்கொண்டு போகும். அந்த இரண்டு பகுதிகளின் பதிப்புகளும் ஒன்றோடொன்று பேசாது, செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் கவனிக்கவும்.

சேனலைப் பொறுத்தவரை, வைஃபை 1, 6, 11 சேனல்களின் நடுப்புள்ளி 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ். அவற்றுக்கு இடையில் கிடைக்கும் இடுக்குகளில்தான் ட்ரிக்கர் நிம்மதியாக இருக்கும். ஆனால் உங்கள் கருவியின் சேனல் 7 எந்த அலைவரிசை என்று பெட்டியில் போட மாட்டார்கள். ட்ரிக்கரில் ஸ்கேன் வசதி இருந்தால் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில், எல்லோரும் வந்த பிறகு ஸ்கேன் செய்யுங்கள். காலி அறையில் செய்த ஸ்கேனுக்குப் பொருள் இல்லை, ஐம்பது போன் உள்ளே வந்ததும் நிலவரம் மாறிவிடும். கேமராவின் சொந்த வைஃபையையும் புளூடூத்தையும் ஆஃப் செய்யுங்கள், அந்த ஆண்டெனா ட்ரிக்கருக்கு இரண்டு அங்குலத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஷட்டர்காரன் எழுதியது:

அலைவரிசை சொன்ன 0-30 மாற்றத்துக்குப் பின்னும் சாஃப்ட்பாக்ஸ் ஃபிளாஷ் விடுபட்டால் அதை வெளியே எடுத்து, அதே இடத்தில் கையில் பிடித்து டெஸ்ட் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளி பூசிய துணி இருக்கும் சாஃப்ட்பாக்ஸில் ஃபிளாஷ் முழுக்கப் புதைந்திருந்தால் அந்தப் பூச்சு ரேடியோவையும் கொஞ்சம் மறைக்கும். ஃபிளாஷின் உடல் வெளியேயும் தலை மட்டும் உள்ளேயும் இருக்கும்படி பிடிக்கும் எஸ் வடிவ பிராக்கெட் அதற்கு நல்ல தீர்வு.

பழைய ஃபிளாஷுக்கு ரிசீவர் ஒத்துவரவில்லை என்றால் மாற்று வழி ஒன்று உண்டு. அதில் ஒளி ஸ்லேவ் இருந்தால் ரேடியோவே வேண்டாம், மற்ற இரண்டு அடிப்பதைப் பார்த்து அதுவும் அடிக்கும். மற்றவை மேனுவலில் இருந்தால் எஸ்1. அவற்றில் ஒன்றாவது டிடிஎல்லில் இருந்தால் எஸ்2, இல்லாவிட்டால் அளவெடுக்க அடிக்கும் முன்மின்னலுக்கே அது பாய்ந்துவிடும், படம் எடுக்கும் கணத்தில் காலியாக நிற்கும். கண்ணுக்கு அடித்த மாதிரியே தெரியும், படத்தில் மட்டும் இருக்காது. நேரடி வெயிலில் அந்த ஒளிக்கண் குருடாகிவிடும், ஆகவே இது உள்ளரங்கத்துக்கு மட்டும். சென்சார் கண் முதன்மை ஃபிளாஷ் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், தலையைத் தேவையான பக்கம் தனியே திருப்பிக்கொள்ளலாம்.